டிஷ்யூவில் ஒட்டாத மஞ்சள்

ஷாலினியிடமிருந்து அந்தச் செய்தி வந்ததிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போகிறேன். வாசலில் நின்றதும் எதற்கு வந்தோம் என்று தெரியாமல் உள்ளே வருகிறேன். "ரிட்டயராகி மூனு வருசம் ஆச்சு, இன்னும் ஃபேக்டரி பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரியே நிக்கிற" என்கிறார் வீட்டுக்காரர். அவருக்கென்ன, ஒரு நாற்காலியும் பேப்பரும் இருந்தால் போதும்.

மலாக்காவில் பத்து பெரண்டாம் என்ற இடத்தில் உள்ள ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கிளினிக்கில் இருபத்தாறு வருடம் நர்ஸாக இருந்தேன். இப்போது அங்கே என் நாற்காலியில் இருப்பவள் ஷாலினி. செய்தியோடு ஒரு படமும் அனுப்பியிருந்தாள். யாரோ ஒரு பெண்ணின் கைப்பையைக் கிளினிக் மேசையில் கவிழ்த்து எடுத்த படம். ஏழு குப்பிகள். எல்லாமே முகத்துக்கு. "ஆன்ட்டி, வியாழக்கிழமை புது ஓப்பரேட்டருங்களுக்கு ஸ்கின்கேர் பத்தி ஒரு டாக் இருக்கு. நீங்கதான் வரணும் லா. எல்லாம் போன்ல பாத்துப் பாத்து வாங்கி மூஞ்சப் பொசுக்கிட்டு வருதுங்க. உங்க அனுபவத்தக் கொஞ்சம் எழுதியும் குடுங்க" என்று கேட்டிருந்தாள். கீழே, கூட்டத்துக்கு வரப்போகும் லைன் லீடர்களின் பெயர்ப் பட்டியல். அதில் மூன்றாவது பெயர் பரமேஸ்வரி.

ஏழு குப்பிகளைப் பற்றிப் பேச எனக்கு ஒரு தயக்கமும் கிடையாது. அந்த மூன்றாவது பெயர்தான் என்னை வீட்டுக்கும் வாசலுக்குமாக அலைக்கழிக்கிறது. அவளுக்கு ஒரு முறை ஒரு பதில் சொன்னேன். நர்ஸாக அது சரியான பதில். இன்றுவரை அது எனக்குச் செரிக்கவில்லை.

எழுதச் சொன்னாளே, எழுதுகிறேன். முதலில் என் கதை, சுருக்கமாக. மலாக்காவிலேயே பயிற்சி. பிறகு சில வருடங்கள் பெரிய ஆஸ்பத்திரியில், பெரும்பாலும் தோல் நோய்ப் பிரிவில். கல்யாணம், பிள்ளை, சுழற்சி ஷிப்டு என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது, ஒரே ஷிப்டு உள்ள வேலையாகத் தேடி இந்தத் தொழிற்சாலைக்கு வந்துவிட்டேன். அங்கே எல்லோருக்கும் நான் மிஸி. இந்த ஊரில் நர்ஸுக்கு அதுதானே பெயர். ரோஸலின் என்று கூப்பிட்டவர் டாக்டர் சல்மா ஒருவர்தான்.

தொழிற்சாலைக் கிளினிக் என்றால் தலைவலி மாத்திரையும் பிளாஸ்திரியும்தான் என்று நினைத்துப் போனேன். போன முதல் வாரமே தெரிந்துவிட்டது, அங்கே பாதிக்கூட்டம் முகத்தைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறது என்று. காரணம் கிளீன்ரூம். நகத்தளவு சில்லுகள் செய்யும் இடம் அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி விழுந்தாலும் சில்லு கெட்டுவிடும். அதனால் வெள்ளை அங்கி, தலைமூடி, முகமூடி, கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு கண் மட்டும் தெரியத்தான் உள்ளே போக வேண்டும். பவுடர் கூடாது, மை கூடாது, ஒட்டுப்பொட்டு கூடாது, திருநீறு கூடாது. அங்கி மாட்டும் அறையின் வாசலில் லைன் லீடர் ஒரு பெட்டி வெள்ளை டிஷ்யூவோடு நிற்பார். ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் கன்னத்திலும் அழுத்தித் துடைத்துப் பார்ப்பார். டிஷ்யூ வெள்ளையாக வந்தால் உள்ளே. ஏதாவது நிறம் ஒட்டியிருந்தால் திரும்பிப் போய்க் கழுவிவிட்டு வர வேண்டும்.

உள்ளே காற்று குளிர்ந்து, ஈரம் வடிகட்டப்பட்டு வரும். வெளியே புழுக்கத்தில் எண்ணெய் வடியும் முகம், அங்கே எட்டு மணி நேரம் இருந்தால் அப்பளமாகக் காய்ந்துவிடும். "என்னோடது ஆய்லி ஸ்கின் மிஸி" என்று சொல்லிக்கொண்டு எண்ணெயை உறிஞ்சுகிற சோப்பாக வாங்கி வாங்கித் தேய்ப்பார்கள். வீட்டில் எண்ணெய்ப்பசை, வேலையில் வறட்சி. எந்தத் தோலுக்கு வாங்குகிறார்கள்? கண்ணாடியில் காலையில் பார்த்த தோலுக்கு. அதுவும் தங்களோடு ஷிப்டுக்குப் போகிறது என்பதை ஒருவரும் நினைப்பதில்லை.

டாக்டர் சல்மா செவ்வாயும் வெள்ளியும் வருவார். ஒல்லியான மலாய்க்காரப் பெண்மணி. சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. ஆனால் எதையும் அவசரமாகச் செய்ய விடமாட்டார், அதுதான் எனக்கு அவரிடம் பெரிய சிரமம். யார் வந்தாலும் முதலில் தன் கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைப்பார். பிறகு அந்தப் பெண்ணை வெறும் தண்ணீரில் முகம் கழுவி, ஒற்றியெடுத்துவிட்டு, ஒன்றும் பூசாமல் அரை மணி நேரம் உட்காரச் சொல்வார். அரை மணி நேரம்! வெளியே வரிசை நிற்கும், லைன் லீடர் போன் மேல் போன் அடிப்பார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பார். அதற்கப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு முறை, விளக்கடியில் ஒரு முறை பார்ப்பார். நெற்றியில் எண்ணெய் வந்திருக்கிறதா, கன்னம் இறுக்கிப் பிடிக்கிறதா, எங்கே சிவப்பு, அந்தச் சிவப்பு எங்கே போய் நிற்கிறது. சிவப்பு எங்கே இருக்கிறது என்பதைவிட எங்கே நிற்கிறது என்பதுதான் அவருக்கு முக்கியம்.

அவர் கேட்கும் கேள்வியும் வேறு மாதிரி இருக்கும். நான் எப்போதும் "மூஞ்சிக்கு என்ன கிரீம் போடுற?" என்று கேட்பேன். அவர் மலாயில் கேட்பது, "உன் முகத்தில் காலையிலிருந்து என்னென்ன பட்டது?" என்று. துண்டு, தலையணை உறை, கை, முகமூடி, தலைக்கு வைத்த எண்ணெய் வழிந்தது, எல்லாம் அதில் வந்துவிடும். இரண்டு கேள்விக்கும் என்ன வித்தியாசம் என்று நான் பல வருடம் முனகியிருக்கிறேன்.

பிறகு பையைக் கொண்டுவரச் சொல்வார். வீட்டில் முகத்துக்குப் பயன்படுத்துவதெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். மேசையில் வரிசையாக நிறுத்தி, முன்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பவே மாட்டார். பின்பக்கம்தான். பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானப் பட்டியல். எது அதிகமோ அது முதலில், எது குறைவோ அது கடைசியில் இருக்கும் என்றுதான் ஆரம்பிப்பார். ஒரு பெண் கொண்டுவந்த பையில் முகம் கழுவுவதில் சாலிசிலிக் அமிலம், துடைப்பதில் கிளைகாலிக் அமிலம், இரவில் ரெட்டினால், காலையில் வைட்டமின் சி. "ஒவ்வொன்னும் நல்ல ரேட்டிங் மிஸி" என்றாள் அவள். ஒவ்வொன்றும் நல்லதுதான். ஒன்று அடைத்த துளையைத் திறக்கும், ஒன்று மேல்தோலை உரிக்கும், ஒன்று புதுத்தோலை வேகமாக வளரவைக்கும், ஒன்று கறுத்த இடத்தை வெளிறவைக்கும். நாலு வேலைக்காரர்களை ஒரே நாளில் ஒரே சுவரை இடிக்க விட்டால் வீட்டில் என்ன மிஞ்சும்? டாக்டர் எல்லாவற்றையும் பையில் போட்டுக் கட்டிவிட்டு, மணமில்லாத ஒரு ஈரப்பசைக் கிரீமை மட்டும் கொடுத்தார். கிளிசரினும் செராமைடும் உள்ளது. மூன்று வாரம் அது மட்டும். அதற்குப் பிறகு, தேவை இருந்தால் மட்டும், ஒரு நேரத்தில் ஒன்று. அதையும் முதலில் முழங்கை மடிப்பில் மூன்று நாள் பூசிப் பார்த்த பிறகு. ஷாலினி, உன் ஏழு குப்பிக்காரிக்கும் இதுதான் சொல்ல வேண்டியது. என்ன இருக்கிறது என்று படி, அது என்ன வேலை செய்யும் என்று தெரிந்துகொள், அந்த வேலை உன் தோலுக்கு வேண்டுமா என்று கேள். மூன்றாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இனி பரமேஸ்வரி.

அவள் லூபோக் சீனா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகி பத்து பெரண்டாம் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவள். அப்போது லைன் லீடர் இல்லை, வெறும் ஓப்பரேட்டர்தான்; கிளீன்ரூமில் பத்து வருட அனுபவம், நிரந்தரக் காலை ஷிப்டு. அவள் வீட்டுக்காரர் லோரி ஓட்டுநர், இரண்டு கிட்னியும் போய் வாரம் மூன்று நாள் மாலையில் இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டிப்போக, கூட்டிவர இவள் ஒருத்திதான். காலை ஷிப்டு முடிந்து மூன்று மணிக்கு வெளியே வந்தால்தான் அது முடியும்.

ஒரு நாள் லைன் லீடர் கோமதி அவளைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கொண்டுவந்து என் முன்னால் நிறுத்தினாள். கோமதி வேலையில் கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். "மிஸி, இவ மூஞ்சப் பாருங்க. உரியுது. இவ நிக்கிற இடத்துலதான் துகள் கணக்கு ஏறுது. அங்க மட்டும்! மேல கேக்குறாங்க. மூனு வாரத்துல சரியாகலன்னா இவள பேக்கிங் பக்கம் மாத்திடுவாங்க, நான் ஒன்னும் செய்ய முடியாது."

தோல் உரிந்து விழும் செதிலும் கிளீன்ரூமுக்குத் தூசிதான். பேக்கிங் பகுதியில் தூசிக் கணக்கு கிடையாது. ஆனால் அங்கே மூன்று ஷிப்டும் மாறி மாறி வரும். அங்கே போனால் அவள் புருஷனை மாலையில் யார் கூட்டிப் போவது?  பரமேஸ்வரியின் கன்னம் இரண்டும் சுட்ட மாதிரி சிவந்து, வாயோரத்தில் வெள்ளை வெள்ளையாகத் தோல் எழும்பியிருந்தது.

"மூஞ்சிக்கு என்ன போடுற?" என்றேன்.

"ஒன்னும் போடல மிஸி."

"கிரீம், சீரம், பவுடர்?"

"சத்தியமா ஒன்னும் இல்ல."

கோமதியும் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவளை வெளியே போகச் சொல்லத் தோன்றவில்லை எனக்கு. முகமூடி உரசி வந்த ஒவ்வாமை என்று நானே முடிவு கட்டி, லேசான ஸ்டீராய்டு களிம்பைக் கொடுத்து அனுப்பினேன். அரை மணி நேரமும் உட்கார வைக்கவில்லை, பையும் கேட்கவில்லை. மூன்று நாளில் சிவப்பு அடங்கியது. நான் பெருமையாக இருந்தேன். ஏழாம் நாள் முன்னைவிட மோசமாக வந்து நின்றாள்.

அது வெள்ளிக்கிழமை. டாக்டர் சல்மா அவளை முகம் கழுவி உட்கார வைத்தார். கோமதியைப் பார்த்து, மிக மரியாதையாக, கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று காட்டினார். அதே அரை மணி நேரம். நான் மாத்திரை அலமாரியை மூன்று முறை துடைத்தேன். பிறகு ஜன்னலண்டை கூட்டிப் போய்ப் பார்த்தார். சிவப்பு நெற்றியில் தலைமுடி தொடங்கும் இடத்தில் கோடு போட்டது மாதிரி நின்றுவிட்டது. முகமூடி படாத நெற்றிக்கு முகமூடி ஒவ்வாமை எப்படி வரும்?  டாக்டர் அவள் காதோரத்துப் பூனைமுடியை விரலால் ஒதுக்கி என்னைப் பார்க்கச் சொன்னார். அடியில் மஞ்சள் நிறம் ஒட்டியிருந்தது.

"மஞ்சளா?" என்றேன் சத்தமாக. "மஞ்சள் பூசுறியா? ஒன்னுமே போடலன்னு சொன்னியே!"

பரமேஸ்வரி ஆச்சரியமாக என்னைப் பார்த்தாள். "கிரீம் போடலன்னுதான் சொன்னேன் மிஸி. மஞ்சள் எப்படி மிஸி அதுல சேரும்?"

பொய் சொல்லவில்லை அவள். நம் பெண்களுக்கு மஞ்சள் அழகுப் பொருள் இல்லை. அது வேறு கணக்கு. நான் கேட்ட கேள்விதான் தப்பு. முகத்தில் என்ன பட்டது என்று கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

மஞ்சளை நிறுத்து, எல்லாம் சரியாகிவிடும் என்று நான் தீர்ப்பு எழுதத் தயாராக இருந்தேன். டாக்டர் இல்லை என்று தலையை ஆட்டினார். அவள் முழங்கை மடிப்பில் அதே மஞ்சளை மூன்று நாள் பூசிப் பார்க்கச் சொன்னார். பூசினாள். ஒரு சிவப்பும் இல்லை. மஞ்சள் குற்றவாளி இல்லை என்றால் வேறு எது? பையைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு சாதாரண சோப்பு, ஒரு தேங்காய் எண்ணெய் பாட்டில், பூசு மஞ்சள் டப்பா. அவ்வளவுதான். கோமதி சொன்ன மூன்று வாரத்தில் பத்து நாள் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக அவள் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, போனேன். வீட்டுக்காரர் முன்னறையில் கட்டிலில் படுத்திருந்தார். "மிஸி வந்துட்டாங்க பரமேசு, மைலோ போடு" என்று எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. கை கழுவுவதற்காகக் குளியலறைக்குள் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொட்டலம். எனக்கு நன்றாகத் தெரிந்த பொட்டலம். கிளீன்ரூமில் இயந்திரத்தைத் துடைக்கிற, ஆல்கஹால் ஊறிய துடைப்புத்தாள். குப்பையில் மஞ்சளாகக் கசங்கிய தாள்கள் கிடந்தன.

கதவுக்கு வெளியே அவள் நின்றிருந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"வேல போயிடும் மிஸி. கம்பெனி சாமான் வெளிய எடுத்தா அன்னைக்கே அனுப்பிடுவாங்க."

"இதையா மூஞ்சில தேச்ச?"

"தண்ணில போவ மாட்டேங்குது. சோப்புலயும் போவல. கோமதியக்கா டிஷ்யூ வச்சா மஞ்சளா வருது, திருப்பி அனுப்புறாங்க. ஒரு நாள் லைன்ல இருக்கற தாள்ல தொடச்சுப் பாத்தேன், ஒரே இழுப்புல போயிடுச்சு."

"அப்ப மஞ்சள விட்டுத் தொலையேன்!"

வாய் தவறி, அவள் வீட்டுக்காரருக்குக் கேட்கும்படியே கத்திவிட்டேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "எங்க தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். நாப்பத்தெட்டு நாள் விடியறதுக்கு முன்ன குளிச்சு, மஞ்சள் பூசி, வெளக்கேத்துறேன்னு. அவருக்காக. இருபத்தொம்போது நாள் ஆச்சு. நீங்க ஜெபத்த பாதியில நிறுத்துவீங்களா மிஸி?"

 என் கழுத்தில் கிடந்த ஜெபமாலையைத் தொட்டுக்கொண்டு மைலோவைக் குடித்துவிட்டு வந்தேன்.

அன்று முழுக்க எனக்கு ஒரே கோபம். அவள் மேலா, கோமதி மேலா, என் மேலா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆல்கஹால் மஞ்சளை எடுக்கும்தான். கூடவே தோலின் சொந்த எண்ணெயையும் வழித்து எடுத்துவிடும். அதற்கப்புறம் அந்த ஈரமில்லாத காற்றில் எட்டு மணி நேரம். உரியாமல் என்ன செய்யும்? விடையே என்னிடம் இருந்தது, வழிதான் இல்லை. மத்தியானம் கடையிலிருந்து கட்டி வாங்கிச் சாப்பிட்ட தாப்பாவ் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். மீன்கறியின் மஞ்சள் கறை, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகவில்லை. ஆனால் கறியின் எண்ணெய் படிந்திருந்த மூலையில் மட்டும் கை வைத்ததும் மஞ்சள் விரலோடு வந்துவிட்டது. தண்ணீருக்கு மசியாத மஞ்சள் எண்ணெய்க்கு மசிகிறது. இத்தனை வருடம் கறி சமைத்தவளுக்கு இது தெரிய ஒரு பிளாஸ்டிக் டப்பா வேண்டியிருந்தது.

மறுநாள் காலை ஃபேக்டரி பஸ் வருவதற்கு முன்பே அவள் வீட்டுக் கதவைத் தட்டினேன். விளக்கேற்றியாகிவிட்டது, முகத்தில் மஞ்சள் இருந்தது. அவள் பையிலேயே இருந்ததே, அந்தத் தேங்காய் எண்ணெய், அதில் நாலு சொட்டு. தேய்க்காமல், விரல் நுனியால் மெல்ல உருட்டி உருட்டி. மஞ்சள் எண்ணெயில் இறங்கி வந்தது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நான் கொண்டுபோன காரமில்லாத முகக்கழுவியால் ஒரு முறை கழுவி, முகம் ஈரமாக இருக்கும்போதே செராமைடு கிரீமைத் தடவினோம். தொழிற்சாலை உள்ளே அனுமதித்த கிரீம் அது. மஞ்சளையும் குழைத்து அப்பாமல் மெல்லிசாகப் பூசச் சொன்னேன். சாமிக்கு அளவு முக்கியமில்லை என்றேன். கிறிஸ்தவச்சி நான், எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

அங்கி மாட்டும் அறை வாசலில் கோமதி டிஷ்யூவை அழுத்தித் துடைத்தாள். வெள்ளை.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அவர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்து, நிறுத்தி, "இந்த ஆல்கஹால் அவளுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டார். எதையும் விடாமல் எழுதுகிறவர். காய்ச்சல் எத்தனை மணிக்கு வந்தது என்பதுகூட எழுதுகிறவர். நான் என் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வீட்டில் இருந்தது, டாக்டர்" என்றேன். அது பொய்யும் இல்லை. அவர் என்னை அரை மணி நேரம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு 'ஆல்கஹால்' என்று ஒரு சொல் மட்டும் எழுதிப் பேனாவை மூடினார். "இனி வீட்டில் இருக்கக் கூடாது என்று சொல், ரோஸலின்." அவ்வளவுதான் சொன்னார்.

கெடு முடிந்த அன்று செதில் பாதி குறைந்திருந்தது. டாக்டர் கைப்பட எழுதிய கடிதத்தால் இன்னும் இரண்டு வாரம் கிடைத்தது. அதற்குள் அவள் நிற்குமிடத்தில் துகள் கணக்கு இறங்கிவிட்டது. நாற்பத்தெட்டு நாளும் முடிந்தது. முடிந்த பிறகும் அவள் மஞ்சளை விடவில்லை, தினமும் விடியற்காலையில் பூசி, எண்ணெயில் எடுத்துவிட்டு வருவாள். டிஷ்யூ வெள்ளையாக வரும்போதெல்லாம் என் கிளினிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பாள். அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சமாச்சாரம் அது.

அவள் வீட்டுக்காரர் அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். லூபோக் சீனாவில் அவள் அம்மா வீட்டில் வைத்துத்தான் எடுத்தார்கள். நானும் போனேன். சடங்குக்கு உட்கார வைத்து, அவள் முகத்தில் அப்பி அப்பி மஞ்சள் பூசினார்கள். பூ வைத்தார்கள், வளையல் அடுக்கினார்கள். எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். பார்க்க முடியாமல் நான் வெளியே போய் நின்றேன்.

வேலைக்குத் திரும்புவதற்கு முதல் நாள் அவள் கிளினிக்குக்கு வந்தாள். டாக்டர் சல்மா அப்போது ஓய்வு பெற்றுப் போயிருந்தார். நான் மட்டும்தான். அவளாகவே கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"மிஸி, மஞ்சள் தோலுக்கு நல்லதுதான?"

"பலருக்கு நல்லதுதான்."

"எனக்கு? என் தோலுக்குத் தேவைதான? இத்தன நாளா பூசுறேன், விட்டா ஏதாவது ஆயிடும்ல? அப்படி ஏதாவது இருந்தா..." சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். "நீங்க ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா, வீட்ல யாரும் ஒன்னும் சொல்ல மாட்டாங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவளை ஜன்னலண்டை கூட்டிப் போனேன். நெற்றி பார்த்தேன், கன்னம் பார்த்தேன், காதோரம் பார்த்தேன். டாக்டர் சொல்லிக்கொடுத்த எல்லா முறையும். பிறகு, ஏதோ பெரிய நல்ல செய்தி சொல்வது மாதிரி சொன்னேன். "உன் தோலு ரொம்ப நல்லா இருக்கு பரமேஸ். மஞ்சள் தேவையே இல்ல. கிரீம் மட்டும் போதும்."

அவள் சரி என்று தலையாட்டினாள். "சரிங்க மிஸி" என்றாள். எழுந்து போனாள். அவள் கேட்டது என்ன என்று எனக்குப் புரிய, கதவு மூடி, அவள் காலடிச் சத்தம் போய், நான் பதிவேட்டில் தேதி எழுதி முடிக்கும்வரை ஆனது. ஓடிப்போய்ப் பார்த்தேன், பஸ் போய்விட்டது.

மறுநாள் காலை அங்கி மாட்டும் அறை வாசலில் போய் நின்றேன். அவள் வரிசையில் வந்தாள். கோமதி டிஷ்யூவைக் கன்னத்தில் வைத்து அழுத்தித் துடைத்தாள். திருப்பிப் பார்த்தாள். வெள்ளை. "பாஸ்" என்றாள் வழக்கம்போல. பரமேஸ்வரி என் பக்கம் திரும்பவில்லை. அந்த ஒரு நாளாவது அந்த டிஷ்யூ மஞ்சளாக வந்திருக்கக் கூடாதா என்று எனக்கு அழுகையாக வந்தது.

பிறகு பேசாமல் இல்லை. வணக்கம் சொல்வோம், தீபாவளிக்கு முறுக்கு கொடுப்பாள், கிறிஸ்மஸுக்கு நான் கேக் கொடுப்பேன். என் பிரியாவிடை விருந்துக்குக்கூட வந்தாள். அந்தச் சீட்டைப் பற்றி அவள் மறுபடி கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அடுத்த முறை சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே ரிட்டயராகிவிட்டேன்.

ஷாலினி, வியாழக்கிழமை வருகிறேன். ஏழு குப்பிக்காரியை முன்வரிசையில் உட்கார வை, அவளுக்கு அரை மணி நேரக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். என்ன சேர்ந்திருக்கிறது, அது என்ன செய்யும், உனக்கு வேண்டுமா என்கிற மூன்று கேள்வியும் சொல்கிறேன். ஆனால் தேவை என்பதை நான் தோலில் மட்டும் தேடினேன் என்பதையும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை, அதனால்தான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

கிளினிக் தாள் இப்போது என்னிடம் இல்லை. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, மடித்து, கைப்பையில் வைத்திருக்கிறேன். அவள் வாங்கிக்கொள்வாளா, சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பாளா, தெரியாது. இத்தனை வருடம் கழித்து இதைக் கொடுக்க எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது. ஆனாலும் கொடுத்துவிடுவேன்.

'பரமேஸ்வரிக்கு. தினமும் காலையில் மஞ்சள் பூசவும். அவசியம். எண்ணெயில் மெல்லத் துடைத்து எடுக்கவும். யாராவது கேட்டால், மிஸி எழுதிக் கொடுத்தது என்று சொல்லவும்.'